நர்ஸம்மா வாசலைத் திருப்பியது

நர்ஸம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் எங்கள் தெருவுக்கே அவரைக் கண்டால் பயம்.

கோபக்காரர்களை நம்பலாம். கத்துவார்கள், கையில் கிடைத்த சொம்பை விட்டெறிவார்கள், சாயங்காலம் அவர்களே வந்து "சாப்டியாப்பு?" என்று கேட்பார்கள். நர்ஸம்மாவிடம் அந்தப் பேச்சே கிடையாது. யாராவது அவரிடம் தப்பாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். முந்தானையில் நிதானமாகத் துடைப்பார். திரும்ப மாட்டிக்கொண்டு, பேசின ஆளை நன்றாக ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி, நல்லா இருங்க" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். அப்படி வாழ்த்து வாங்கின யாரும் அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு நல்லா இருந்தது கிடையாது.

பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம். "எங்கூர்ல ஒரு மழைக்கு வருசக்கணக்கா வானத்தப் பாத்துக் கெடப்போம்லே. ஒரு மனுசனுக்குத் திருப்பிக் குடுக்கக் காத்துக் கெடக்க மாட்டமா?" என்பார். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தலை நரைக்கிற வரைக்கும் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகள், அவளும் நர்ஸ், அயர்லாந்தில் இருந்தாள். எங்கள் தெரு முனையில் இருந்த மாடி வீடு நர்ஸம்மாவுடையது, அதை ஒட்டினாற்போல எங்கள் வீடு. என் அம்மா அவரை அக்கா என்பாள். நான் அத்தை என்பேன். அவர் என்னை மருமகனே என்பார். நான் எதையாவது செய்து தொலைத்திருந்தால் மட்டும் "ஏலே".

யாரோடு பேசினாலும் அவர் கை தானாகப் போய் அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். அத்தனை வருஷ ஆஸ்பத்திரிப் பழக்கம். நாடி பார்த்துக்கொண்டேதான் நலம் விசாரிப்பார். பொய் சொன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் அவரோடு பேசும்போது நான் கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வேன்.

அவருடைய பழிவாங்கல்கள் எல்லாம் பார்க்க உபகாரம் போலவே இருக்கும். தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் ஒருவர், நர்ஸம்மா தக்காளியை அமுக்கிப் பார்த்ததற்கு, "வாங்குற மூஞ்சியா இது? வையும்மா கீழ" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். நர்ஸம்மா கண்ணாடியைத் துடைத்தார். மறுநாள் காலையில் வண்டிச் சத்தம் தெருவில் திரும்பும்போதே அவர் வாசலில் முருங்கைக் கீரையும் காயும் மலை மாதிரிக் குவிந்திருந்தன. "வாங்க வாங்க, எடுத்துக்கிட்டுப் போங்க, மரம் ஒடியிற மாதிரி காச்சிருக்கு." தெருப் பெண்கள் எல்லோரும் அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஒரு வீட்டிலும் வேறு வெஞ்சனம் கிடையாது. இது தினமும் நடந்தது. மரம் மொட்டையாகிற வரைக்கும் நடந்தது. காய்கறிக்காரர் எங்கள் தெருவை விட்டே போனார். எங்களுக்கு முருங்கைக்காய் என்றாலே குமட்டல் எடுக்க ஆரம்பித்தது.

எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவை நடத்தின மாஸ்டர் ஒரு தடவை, "உங்களுக்குத் தொண்டை போயிருச்சு, வயசுப் பிள்ளைகளுக்கு எடம் விடுங்க" என்றார். இடம் விட்டார். விட்டுவிட்டு, மறு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து சனங்களோடு சனமாகப் பாட ஆரம்பித்தார். அதுவும் பாடகர் குழுவுக்கு அரைத் தாளம் முன்னால். அந்தத் தொண்டைக்கு மைக்கே வேண்டாம். கோயில் முழுக்க நர்ஸம்மா பின்னால் ஓடும், மாஸ்டர் ஆர்மோனியத்தை இழுத்துக்கொண்டு அந்தச் சனத்துக்குப் பின்னால் ஓடுவார். பக்தியாகப் பாடுகிற அம்மாவை எந்தச் சாமியார் கண்டிப்பார்? கடைசியில் மாஸ்டரே வந்து, "மறுபடி குழுவுல வந்து பாடுங்கம்மா" என்று கெஞ்சினார். "தொண்டை போயிருச்சே மாஸ்டர்" என்று நர்ஸம்மா இருமிக் காட்டினார்.

எனக்கும் ஒரு தடவை விழுந்தது. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசியை அவர்தான் போட்டுவிடுவார். அதனால் நான் அவருக்குப் 'பெரிய ஊசி' என்று பேர் வைத்து, டீக்கடை வரைக்கும் அதைப் பரப்பியிருந்தேன். அவர் காதுக்குப் போயிற்று. அடுத்த ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்கிற முறை அவருடையது. நாட்டுத் தலைவர்களுக்காக வேண்டினார். நோயாளிகளுக்காக வேண்டினார். மழைக்காக வேண்டினார். அப்புறம் குரலைக் கொஞ்சம் தழைத்து, "பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் மறுபடியும் மறுபடியும் தவறிவரும் எங்கள் அடுத்த வீட்டு மகனுக்கு அறிவொளி தந்தருள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றார். கோயில் மொத்தமும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. அந்தக் கூட்டத்தில் நான் எந்தப் பெண்ணுக்காகச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போயிருந்தேனோ அந்தப் பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டு மன்றாடினாள். ஆண்டவர் கேட்கவில்லை. நான் படிப்பை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை ஒன்றில் வேலைக்குப் போனேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒட்டன்சத்திரத்துக்காரர் போய் மாட்டினார்.

அவர்தான் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி கொடுத்துக்கொண்டிருந்தவர். அப்புறம் நெட்டும் கொடுக்க ஆரம்பித்தார். பேச்சில் தேன் வடியும். "ஏனுங்க, சௌக்கியங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கனெக்ஷனைப் பிடுங்குவார். என் அப்பா ஒரு மாசம் காசு தரத் தாமதித்ததற்கு, கிரிக்கெட் ஃபைனல் அன்றைக்குப் பார்த்து எங்கள் வயரைக் கழற்றினவர். "தப்பா நெனைக்காதீங்க தம்பி" என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கடைசி ஓவரை நான் அடுத்த தெரு சலூன் வாசலில் நின்று, முன்னால் நின்றவன் அக்குள் வழியாகப் பார்த்தேன். அந்த அக்குளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மகள் ஊருக்கு வந்திருந்தபோது நர்ஸம்மாவுக்கு ஒரு கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதை எப்படித் திறந்து எதை அமுக்கினால் அயர்லாந்து வரும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அயர்லாந்து வரும், ஆனால் நிற்காது. ஒட்டன்சத்திரத்துக்காரர் லைன் அப்படி. மகள் வாயைத் திறந்த நிலையில் அப்படியே சிலையாகிவிடுவாள். நர்ஸம்மா, "என்னடி, பேசிக்கிட்டிருக்கும்போதே கொட்டாவி விடுறவ?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். செத்த நேரம் கழித்துப் படம் உயிர் பெறும்போது மகள் எழுந்து போயிருப்பாள், நாற்காலி மட்டும் இருக்கும்.

மகளுக்குக் கல்யாணமாகி வெகு நாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா போய்ப் பார்த்துவர விசாவுக்கு எழுதிப் போட்டார்கள், கிடைக்கவில்லை. குழந்தைக்கு அங்கேயே கோயிலில் ஞானஸ்நானம் என்று முடிவானது. மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் லேப்டாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று கேமராவில் காட்டுவதாக ஏற்பாடு. ஆயிரம் பிள்ளைகளைப் பிரசவத்தில் கையில் ஏந்தினவருக்குச் சொந்தப் பேத்தியைத் தொடக் கொடுத்துவைக்கவில்லை.

"தூக்கத்தான் குடுத்து வெக்கல. பிள்ள தலையில தண்ணி ஊத்துறதயாவது இந்தக் கண்ணால பாக்கணும் மருமகனே. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் வேணாம்."

அந்த நேரத்தில்தான் எங்களுக்குப் பின் தெருவில் வேறொருவர் நெட் கொடுக்க ஆரம்பித்திருந்தார். பாதி விலை. படம் ஓடுகிற தண்ணீர் மாதிரி வருகிறது என்று பேச்சு. என் சிநேகிதன் வீட்டில் போய்ப் பார்த்தேன், உண்மைதான். நர்ஸம்மாவிடம் வந்து சொன்னேன். அன்று சாயங்காலமே ஒட்டன்சத்திரத்துக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏனுங்கம்மா, நம்ம லைன்ல என்னங்க கொறை?"

"எம் மக மூஞ்சி பாதிதான் வருது. காசு மட்டும் முழுசா வாங்குறீங்க."

"அது அவிங்க நாட்டுல எப்பப் பாத்தாலும் மழைங்கம்மா. அங்க பேஞ்சா இங்க இழுக்குமுங்க."

"அயர்லாந்துல மழை பேஞ்சா ஒட்டன்சத்திரத்து வயரு நனையுமாக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "சரிங்கம்மா, உங்க இஷ்டமுங்க. மாசக் கடைசி வரைக்கும் பொறுங்க, நானே கழட்டிக் குடுத்துடறேன்" என்றார். மாசக் கடைசியில் போனால், "மாசம் பொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லோணுமுங்களே" என்றார். அடுத்த மாசம் முன்னாடியே சொன்னால், "மோடத்தைக் கொண்டாந்து குடுங்க, பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றார். நானும் நர்ஸம்மாவும் மோடத்தை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதோட வந்த சார்ஜர் இதில்லீங்களே" என்றார். அவர் கொடுத்ததே அதுதான். அப்புறம், "முதலாளி வெளியூர் போயிருக்காருங்க" என்றார். முதலாளியே அவர்தான்.

ஆனால் ஒரு வேலையை மட்டும் அன்றைக்கே செய்துவிட்டார். நாங்கள் மோடத்தைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவதற்குள் ஆளை விட்டு நர்ஸம்மா வீட்டு லைனைக் கழற்றியிருந்தார். டிவியும் சேர்ந்து போயிருந்தது.

"போனாப் போகுது, பின் தெரு ஆள் இருக்காரு" என்று நான் அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"தம்பி, ஒங்க தெரு அவரு ஏரியாப்பா. நான் உள்ள வந்தேன்னா நாளைக்கு அவரு எந் தெருவுக்குள்ள வருவாரு. யாரு வீட்டு வாசலு எந்தத் தெருவுல இருக்கோ, அந்தத் தெருக்காரந்தான் லைன் குடுக்கணும். எங்க ஆளுகளுக்குள்ள பேச்சு இது. அவரு ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டும், இன்னைக்கே வயர இழுத்துத் தாரேன்."

இதுதான் சங்கதி. திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் யார் வயர் ஓடும் என்பதை அந்த நாளில் வயர்க்காரர்களே பங்கு போட்டு வைத்திருந்தார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் நாம், காசு கொடுப்பவர் நாம், ஆனால் நம் தெரு வேறு யாருக்கோ சொந்தம். அரசாங்க டெலிபோன் வழியாகவும் நெட் வாங்கலாம்தான். ஆனால் லைன்மேன் ஒருவர் கேட்காமல் முருங்கைக் கிளையை வெட்டினதற்காக நர்ஸம்மா டெலிபோனையே என்றைக்கோ சரண்டர் பண்ணியிருந்தார். திரும்பப் போய் அங்கே நிற்கமாட்டார். பிரவுசிங் சென்டர் போகலாமே என்றதற்கு, "எம் பேத்தி ஞானஸ்நானத்த நான் கண்டவன் கடையில, கண்ட பயலுக பக்கத்துல உக்காந்து பாக்கவா?" என்றார்.

ஆக, அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஆபீசுக்குப் போய்ப் போய் உட்கார்ந்தோம். ஆபீஸ் என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. "சொல்றனுங்க, அடுத்த வாரம் சொல்றனுங்க" என்பார். நடுவில் ஒரு நாள் ஒரு வழியும் காட்டினார். பழைய லைனையே திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம். புதுக் கனெக்ஷன் என்று கணக்கு வைத்து மறுபடி முதலிலிருந்து கட்டணம் கட்டினால் போதுமாம்.

நர்ஸம்மா மேஜைப் பக்கம் குனிந்தார். "பேத்திக்கு ஞானஸ்நானம் தம்பி. அதப் பாக்கணும். ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அவர் அப்படித் தழைந்து ஒருத்தரிடம் கேட்டதை நான் முதலும் கடைசியுமாக அன்றுதான் பார்த்தேன்.

ஒட்டன்சத்திரத்துக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். "வயசான காலத்துல உங்களுக்கு எதுக்குங்கம்மா நெட்டெல்லாம்? செபமாலைய உருட்டீட்டு நிம்மதியா இருக்கலாமுங்களே" என்று பல் தெரியச் சிரித்தார்.

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றினார். எனக்குக் குதூகலம் தாங்கவில்லை. துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சரி, நல்லா இருங்க."

"ரொம்ப சந்தோசமுங்க" என்றார் அந்த அப்பாவி.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் மொட்டை மாடியில் நின்றிருந்தார். அங்கிருந்து பார்த்தால் மலைக்கோட்டை முழுசாகத் தெரியும். அவர் அதைப் பார்க்கவில்லை. தன் மாடிக்கு மேலே ஓடின வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துத் தெருக்கள் அத்தனைக்கும் ஒட்டன்சத்திரத்துக்காரர் வயர் நர்ஸம்மா மாடி வழியாகத்தான் போனது. முனை வீடு என்பதால், பழைய ஆன்டெனாக் குழாயில் பெட்டி ஒன்றைக் கட்டி, அங்கிருந்துதான் பிரித்து இழுத்திருந்தார்.

"கத்தரி எடுத்துட்டு வரவாத்தே?" என்றேன்.

"சீ. நானு ஆளுகளுக்குத் தையல் போட்டவ. அறுக்குறது எம் பழக்கமில்ல." சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏலே, இந்தத் தெரு எங்க முடியுது?"

"ஒங்க வீட்டுச் செவுத்தோட."

"செவுத்துக்கு அந்தாண்ட?"

"பின் தெரு." எனக்கு வாய் சும்மா இருக்காது. "பேசாம வாசலத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுருங்கத்தே. பின் தெரு ஆளு ஏரியாவுக்குள்ள வந்துருவீக."

நான் கெக்கெக்கே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே இழுத்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"வெளாட்டுக்கா சொன்ன?"

"ஆமாத்தே."

"நல்ல ரோசனையா இருக்கேடா" என்றார்.

எரியோட்டிலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தார். சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த சுவரை உடைத்தார்கள். கொத்தனார் சுத்தியலை ஓங்குவதற்கு முன்னால், "வாஸ்து பாத்துட்டீகளாம்மா?" என்று கேட்டார். "பாத்தாச்சு, ஒடைங்க" என்றார். கம்ப்யூட்டருக்கு மேலே போர்வையைப் போர்த்தி, அதற்கு மேலே மழைக்கோட்டையும் போட்டு நான் காவல் இருந்தேன். முன்பக்கம் இருந்த பழைய கதவைப் பெயர்த்துப் பின்பக்கம் வைத்தார்கள். பெயர்த்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்தார்கள். எங்கள் தெருப்பக்கம் பார்த்தால் அந்த வீடு முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகைக் காட்டின மாதிரி இருந்தது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எக்கா, ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? வெல கம்மின்னு லைன் மாத்தப் போயி, யாராச்சும் வீட்ட இடிப்பாகளா? இந்தச் செலவுக்கு ஆயுசு முழுக்க அவன் லைனே வாங்கலாமே!"

"வெலைக்குன்னு யாரு சொன்னா?" என்றார் நர்ஸம்மா, செங்கலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

நகராட்சிக்கு நடையாய் நடந்து பின் தெருவில் கதவு எண் வாங்கினார். பங்குச் சாமியார் வந்து புது வாசலுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அந்தக் கையோடு நர்ஸம்மா என்னிடம் பின் தெரு ஆளைக் கூட்டிவரச் சொன்னார். அவர் வந்து வாசலைப் பார்த்தார். நிலையைத் தொட்டுப் பார்த்தார். சிமெண்ட் பூச்சுக்கு இன்னும் சுண்ணாம்பு கூட அடிக்கவில்லை.

"வாசல் எந்தத் தெருவுல இருக்கோ அந்தத் தெருக்காரந்தான லைன் குடுக்கணும்?"

"ஆமாக்கா. ஆனா..."

"இந்த வாசல் எந்தத் தெருவுல இருக்கு?"

அவர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "ஏணியக் கொண்டாரேன்" என்று போனார்.

புது லைன் வந்ததும் நர்ஸம்மா என் செல்போனை வாங்கி ஒட்டன்சத்திரத்துக்காரரைக் கூப்பிட்டார். குரலில் அத்தனை மரியாதை. "தம்பி, நான் இப்ப பின் தெருவுங்க. ஒங்க ஏரியாவுல இல்ல. ஒங்க ஏரியாவுல இல்லாத வீட்டு மேல ஒங்க வயரு எதுக்கு? நான் அறுக்க மாட்டேன். நீங்களே வந்து பதனமா அவுத்துட்டுப் போயிருங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ தெரியாது. போனிலிருந்து "ஏனுங்கம்மா, ஏனுங்கம்மா" என்று மட்டும் கொசு மாதிரிக் கேட்டது. அந்தப் பெட்டியை எடுத்தால் சுற்றி எல்லாத் தெருவிலும் டிவி, நெட் எல்லாம் படுத்துவிடும். வேறு மாடி பிடித்துப் புதுசாக வயர் இழுக்க நாளாகும். அதற்குள் சனங்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

"நேர்ல பேசணுமா? பேசலாமே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. அதுக்கு முந்தி நமக்கு நேரமில்ல" என்று போனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் ஞானஸ்நானம். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஆள் கெஞ்சுவது மட்டும் அவருக்குப் போதாது, புது லைனில் படம் ஓடுவதை அந்த ஆள் பார்க்கவும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டன்சத்திரத்துக்காரர் பழக்கத்தில் எங்கள் தெரு வழியாக வந்து, வாசல் இருந்த இடத்தில் செங்கல் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றார். "சுத்திக்கிட்டு வாங்கண்ணே" என்று நான் மாடியிலிருந்து கத்தினேன். அந்தச் சுகத்தை நான் காசு கொடுத்துக்கூட வாங்கியிருப்பேன்.

உள்ளே கம்ப்யூட்டருக்கு நேர் முன்னால் நல்ல நாற்காலியை அவருக்குப் போட்டிருந்தார். தட்டு நிறைய முறுக்கு, காபி. என் அம்மா தரையில். நான் கம்ப்யூட்டர் பக்கத்தில். நர்ஸம்மா பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்திருந்தார்.

"அம்மா, அந்த வயர் விசயமுங்க..."

"மொதல்ல பேத்தி. அப்பறம் வயரு. முறுக்கு எடுங்க."

படம் வந்தது. எப்பேர்ப்பட்ட படம்! கல்லால் கட்டின கோயில், கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள், நடுவில் பட்டுப்புடவையில் மகள், வெள்ளைக் கவுனில் பொட்டலம் மாதிரிக் குழந்தை. மகள் கேமராவைப் பார்த்து, "அம்மா, தெரியுதா?" என்றாள்.

"தெரியுதுடி. ஒன் மூக்குத்திக் கல்லு கூடத் தெரியுது." ஒட்டன்சத்திரத்துக்காரர் பக்கம் திரும்பினார். "தெரியுதா தம்பி?"

"தெரியுதுங்க."

"மெழுகுத்திரி ஆடுறது கூட?"

"ஆடுதுங்க."

"அங்க மழை பேயுதாம். ஆனாலும் பாருங்க."

அவர் வாயில் முறுக்கை வைத்துக்கொண்டு தலையாட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தை விட எனக்கு இந்தப் படம்தான் பிடித்திருந்தது.

சாமியார் குழந்தைக்கு நெற்றியில் சிலுவை போட்டார். எண்ணெய் பூசினார். ஞானத்தாய் குழந்தையைத் தொட்டிப் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். நர்ஸம்மா பேச்சை நிறுத்தினார். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சாமியார் சிப்பியில் தண்ணீரை மொண்டு கையை உயர்த்தினார்.

படம் நின்றுவிட்டது.

சாமியார் கை பாதி வழியில் நின்றது. சிப்பியின் விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர், விழாமல், கண்ணாடி மணி மாதிரி. சத்தமும் இல்லை. நான் மோடத்தைப் பார்த்தேன். விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது. இங்கே நின்றதா அங்கே நின்றதா, யாருக்குத் தெரியும். தொழில்காரர் என்பதால் ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்துவிட்டது. முறுக்கு மெல்லுவதை நிறுத்தினார். என் அம்மா, "ஐயோ, நின்னு..." என்று ஆரம்பித்தாள்.

நர்ஸம்மா கையை நீட்டி அம்மாவின் தோளை அமுக்கினார்.

"ஆங், ஊத்துறாங்க" என்றார். "பாருங்க, பாருங்க. பிதாவுக்கு ஒண்ணு. சுதனுக்கு ஒண்ணு." நின்றுபோன படத்தைப் பார்த்தபடியே சிலுவை போட்டுக்கொண்டார். "பரிசுத்த ஆவிக்கு ஒண்ணு. அழுகுறாளா? அழுகவே இல்ல. சிரிக்கிறா பாரு. இப்பத் தொடைக்கிறாங்க. மெதுவாம்மா, மெதுவா, உச்சில எலும்பு கூடியிருக்காது."

படத்தில் அந்தச் சொட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதற்கெடுத்தாலும் நக்கல் பண்ணுகிற எனக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை. ஒரே ஒரு வார்த்தை, 'அத்தே, லைன் நின்னு போச்சு' என்று சொன்னால் போதும், ஏதாவது வயரை ஆட்டிப் பார்க்கலாம், கழற்றி மாட்டலாம். ஆனால் அதை அந்த ஆள் முன்னால் அவர் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நர்ஸம்மா திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "நல்லாத் தெரிஞ்சுச்சுல்ல தம்பி?"

நர்ஸம்மாவை மட்டம் தட்ட ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு அதை விட நல்ல சந்தர்ப்பம் வாழ்க்கையில் கிடைத்திருக்காது. படத்தைப் பார்த்தார். நர்ஸம்மாவைப் பார்த்தார். தொடையில் விழுந்த முறுக்குத் தூளைத் தட்டினார்.

"நல்லாத் தெரிஞ்சுதுங்கம்மா. பாப்பாவுக்குத் தல நெறைய முடிங்க."

அது இரக்கமா, இல்லை அவர் தீர்த்துக்கொண்ட பழியா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியவில்லை. நர்ஸம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் சிரிப்பு அப்படியே கெட்டியாகிப் போனது. அந்த வீட்டில் அதுவரைக்கும் யாரும் அவருக்கு எதையும் இனாமாகக் கொடுத்ததில்லை.

"மாடிக்குப் போங்க" என்றார். "எல்லா வயரையும் அவுத்துருங்க. ஒண்ணு கூட இருக்கக் கூடாது."

"அம்மா..."

"இருட்டுறதுக்குள்ள போங்க."

அவர் எழுந்தார். படியேறிப் போகிற சத்தம் கேட்டது, அப்புறம் தலைக்கு மேலே நடக்கிற சத்தம். குழாயிலிருந்து கட்டுக்கம்பியை முறுக்கி அவிழ்க்கிற சத்தம். தெருவில் ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவி பட்டென்று ஊமையானது. அடுத்து இன்னொரு வீடு. அப்புறம் எங்கள் வீடு.

அப்போதுதான் படம் திரும்ப ஓட ஆரம்பித்தது. எல்லாம் முடிந்திருந்தது. சாமியாரைக் காணோம். மெழுகுத்திரியை அணைத்திருந்தார்கள். மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் வந்தாள். குழந்தைக்குத் தலையில் முடியே இல்லை. மொட்டைத் தலை காய்ந்திருந்தது.

"அம்மா, ஊத்துனப்ப பாத்தீங்களா? சரியாத் தெரிஞ்சுதா?"

நர்ஸம்மா அந்த மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒட்டன்சத்திரத்துக்காரர் பெட்டியை இழுத்துக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"பாத்தேன்டி" என்றார். "வேணும்னா மேல நிக்கிறாரு பாரு, அவரக் கேளு. அவரும் பாத்தாரு."